மாமனாருக்கு வைத்த பிரபை

தெரிந்த வேலையை மட்டும் செய்திருந்தால் என் வாழ்க்கையில் பாதி அவமானம் குறைந்திருக்கும்.

என் தொழில் சீரியல் லைட் கட்டுவது. கடை கடலூர் முதுநகரில். சாமி தலைக்குப் பின்னால் வட்டமாக ஒளி வீசுமே, அதற்குப் பெயர் பிரபை. கோயிலில் பித்தளையில் இருக்கும். நாங்கள் பல்பில் கட்டுவோம். பல்பு ஒவ்வொன்றாக மாறி மாறி எரியும். வட்டம் சுற்றுகிற மாதிரி தெரியும். தெரியத்தான் வேண்டும், சுற்றக் கூடாது.

2007-ல் கீரப்பாளையத்தில் செல்வியைப் பெண் கேட்டுப் போனோம். அவள் அப்பா பிடி கொடுக்கவில்லை.

"அம்மன் ஊர்வலத்துக்கு லைட் கட்டு தம்பி. வேலையப் பாத்துட்டு சொல்றேன்."

எப்போதும் போலக் கட்டியிருக்கலாம். (ஆசை ஜாஸ்தி.) சைக்கிள் ரிம்மில் ஜிகினாத் தாள் ஒட்டி, டேபிள் ஃபேன் மோட்டாரில் மாட்டி, அம்மனுக்குப் பின்னால் நிஜமாகவே சுற்றவிட்டேன். ஜெனரேட்டர் வைத்து ஃபோகஸ் லைட்டும் போட்டேன். அம்மனை ஏற்றிய டிராக்டர் கிளம்பியது. தெருவே வாய் பிளந்தது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

செல்வியின் அப்பா மாலை சாத்த வண்டியில் ஏறினார். தோளில் இருந்த துண்டை ரிம் கவ்வி இழுத்தது. அவர் துண்டை விடவில்லை (புதுசாச்சே). துண்டும் அவரை விடவில்லை. ரிம் சிக்கி நின்றபோது அவர் வழுக்கை சரியாக வட்டத்தின் நடுவில் மின்னியது.

"மாமா, அப்படியே கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுங்க!" கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"டேய், ஆஃப் பண்றா!"

என்னைத்தான் சொன்னார். நானோ பயத்தில் கும்பிட்டபடி நின்றேன்.

விளக்குத் தட்டோடு வந்த செல்வி, தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"புடுங்குறதுக்கு நல்ல நேரம் பாக்குறீங்களா?"

என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

மறுநாள் சாமானைக் கட்டிக்கொண்டு நழுவப் பார்த்தேன். அவர் கூப்பிட்டார்.

"பிரபை யாருக்குப்பா வைப்பாங்க?"

"சாமிக்கு மாமா."

"மனுஷனுக்கு?"

"வைக்க மாட்டாங்க மாமா."

"தெரியுதுல்ல?"

தலையைக் குனிந்துகொண்டேன். பெண் கிடைக்காது என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒன்னத் தனியா விட்டா ஊரு தாங்காது. பிளக்கப் புடுங்க ஒரு ஆளு வேணும். தை மாசம் வச்சுக்கலாம்."

இன்றும் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் டேபிள் ஃபேனைப் பார்ப்பார். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் உட்காருவார். உள்ளேயிருந்து செல்வி குரல் கொடுப்பாள்:

"பயப்படாதப்பா, நான் வீட்லதான் இருக்கேன்."