ஊசி காட்டிய தண்ணீர்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மருமகன் விமலனுக்கு,

மாமா பழனியப்பன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். கிள்ளானில் நீயும் என் தங்கை தாமரையும் நலமாகத்தான் இருப்பீர்கள். அங்கே குழாயில் தண்ணீர் வருகிறதே.

மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன், நீ போனை எடுக்கவில்லை. அதனால் தபால். எங்கள் அடுக்குமாடியின் மேல்தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று கீழே காட்ட ஒரு கருவி கேட்டேன். செய்து கொடுத்தாய், மறுக்கவில்லை. அதற்கான நிரலைச் சி மொழியில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, அப்படியே போடுங்க, கை வைக்காதீங்க" என்றாய். முப்பத்து மூன்று ஆண்டு ஆசிரியனுக்கு நீ சொன்ன புத்திமதி! நானும் பொறுமையாகப் படித்து, மடிக்கணினியில் தட்டி ஏற்றினேன். கருவிக்குள் சிப் என்கிற ஒரு சில்லு, அதோடு பேச இரண்டே கம்பி. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல அதன் எண்ணைக் கூப்பிட்டால், அந்தச் சில்லு மட்டும் "உள்ளேன் ஐயா" என்கிறது. தொட்டியின் மட்டத்தைக் கேட்டால் 255க்கு மதிப்பெண் போடுகிறது. நான் நூற்றுக்கு மேல் போட்டதில்லை. அந்த மதிப்பெண்ணை அதே கம்பியில் திருப்பி எழுதினால், சில்லு அதை மின்னழுத்தமாக்கிக் கீழே சுவரிலுள்ள மீட்டரின் ஊசியை நகர்த்துகிறது. ஒரு பீரியட்டுக்கு, அதாவது நாற்பது நிமிடத்துக்கு, ஒருமுறை கேட்கும்படி வைத்தேன். ஓயாமல் கேள்வி கேட்டால் எந்தப் பிள்ளைதான் படிக்கும்?

செவ்வாய்க்கிழமை எங்கள் பகுதி முழுக்கத் தண்ணீர் கட். "சார் மீட்டர் இருக்குலா, பயமில்ல" என்று நாலாவது மாடிக் குமுதா மெத்தை உறை வரைக்கும் துவைத்தாள், எல்லாரும் வாளி வாளியாகப் பிடித்தார்கள், ஊசி முக்காலில் நின்றது, பிறகு பாதிக்கு வந்தது, அதற்குள் குழாயில் வெறும் காத்துதான் வருது, கீழ்வீட்டுக் கன்னையா தலையெல்லாம் சோப்போட துண்டக் கட்டிக்கிட்டு ஓடிவந்து மீட்டரத் தட்டித் தட்டிப் பார்க்கிறாரு, அந்த நேரம் பார்த்தா தண்ணி லோரி வரணும்? டிரைவர் மீட்டரைப் பார்த்தான்.

"என்னா அங்கிள், பாதித் தொட்டி வெச்சிக்கிட்டு லோரி கூப்பிடுறீங்க? கம்போங் மேடான்ல குடிக்கவே தண்ணி இல்லலா."

"தம்பி, அந்த ஊசிய நம்பாதப்பா."

"நீங்க வெச்ச ஊசிதானே அங்கிள்?"

போயே போய்ட்டான். அவன் போன பிறகு ஊசி மெதுவா சுழியத்துல படுத்துச்சு பாரு, அந்த அநியாயத்த யார்கிட்ட சொல்றது! கன்னையா கண்ணைக் கசக்கிக்கொண்டே, "சார், உங்க மீட்டர் நேத்து பேப்பர் மாதிரி. போட்டிருக்கிறதெல்லாம் உண்மை, ஆனா நேத்து நடந்தது" என்றார். ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் மீட்டரையும் கழற்றுகிறார்கள், செயலாளர் பதவியிலிருந்து என்னையும் கழற்றுகிறார்கள்.

இத்தனைக்கும் காரணம் உன் நிரல். ஆகவே தெரிவிப்பது: தை மாதம் உன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் மாலை போட நான் வரமாட்டேன். உனக்கு வாங்கிய பட்டு வேட்டியை நானே கட்டிக்கொள்வேன். மாலையையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்.

தாமரைக்கு என் அன்பு. நீ நூறாண்டு வாழ்க. கோபத்திலும் ஆசியைக் குறைக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

இப்படிக்கு,
மாமா பழனியப்பன்

பி.கு.: உன் தவற்றைச் சிவப்பு மையில் வட்டமிட்டு இணைக்கலாம் என்று நீ அனுப்பிய நிரலைத் திறந்தேன். அளவை வாசிக்கச் சொல்லும் வரி அதில் அடுத்தடுத்து இரண்டு தடவை இருக்கிறது. நான் ஏற்றியதில் ஒன்றுதான். சொன்னதையே சொன்னால் குற்றம் என்று கட்டுரை திருத்திய கை, ஒன்றை அடித்துவிட்டது. பக்கத்தில் நீ எழுதியிருந்த குறிப்பு போன் திரைக்கு வெளியே கிடந்தது. இப்போதுதான் தள்ளிப் பார்த்தேன். "முதலில் வருவது போன தடவை அளந்தது, தூக்கிப் போடவும். இரண்டாவதுதான் இப்போதையது." தூங்குகிற பையனை எழுப்பினால் முந்தின கேள்விக்குப் பதில் சொல்வானே, அதே கதை. நாற்பது நிமிடத்துக்கு முந்தைய தண்ணீரைச் சுவரில் காட்டியிருக்கிறேன்.

இதை ஞாயிற்றுக்கிழமை கன்னையா முன்னால் நானே எழுந்து சொல்ல வேண்டும். வேப்பெண்ணெய் குடித்ததுபோல் இருக்கிறது.

மேலே எழுதியதை அடித்துத் திருத்தலாம்தான். ஆனால் இனி எதையும் அடிப்பதாக இல்லை. உன் குறிப்புப்படியே செய்: முதலில் வந்தது பழைய அளவு, தூக்கிப் போடு. தையில் மாலையோடு வருகிறேன். போனை எடு.