பாவத்தை அடித்து விரட்டிய கதை

மலையாளம் என்பது மூக்கால் பேசப்படும் தமிழ் என்று நம்பித் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியவள் நான். பாளையங்கோட்டையிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். (பாஸ்போர்ட் கேட்காத ஊரெல்லாம் நம்மூர் என்று நினைத்த மண்டு!) அது வெளிநாடுதான் என்பது கல்யாணமான எட்டாவது மாதம், சபை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என் கணவர் சஜி மலையாளி. அவருடைய அம்மா, அந்தச் சபையின் சண்டே ஸ்கூலை இருபது வருஷம் நடத்தியவர். அவர் புருவத்தை உயர்த்தினால் நாற்பது வாய்கள் மூடும். மூட்டுவலி வந்து அவர் விலகியபோது, யார் பொறுப்பேற்கிறீர்கள் என்று அச்சன் கேட்டார். (போதகரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.) மலையாளம் தெரிந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். மலையாளம் தெரியாத ஒரே ஒருத்தி கையைத் தூக்கினாள்.

ஊழிய வாஞ்சை என்று அன்று சாட்சி சொன்னேன். சுத்தப் பொய். 'பாண்டிக்காரி' என்று மாமியாரின் தங்கை ஒருநாள் அடுக்களையில் முணுமுணுத்தது என் காதில் விழுந்திருந்தது. (தமிழர்களுக்கு அங்கே அப்படி ஒரு இளக்காரப் பெயர்.) என் அப்பா ஊர்ச் சபையில் உபதேசியார். உபதேசியார் மகள் என்றால் யார் என்று இவர்களுக்குக் காட்டவேண்டும், முக்கியமாக மாமியாருக்கு. என் பக்தி அவ்வளவுதான்.

ஆண்டு விழாவுக்கு நானே ஒரு நாடகம் எழுதினேன். பாவம் என்கிற கறுப்பு ஆசாமி ஊருக்குள் வருவான். நற்குணங்கள் எல்லாம் சேர்ந்து அவனை அடித்து விரட்டும். சாலைக் கடைத்தெருவில் கறுப்புத் துணி வாங்கினேன். மூன்று மாதம் படித்த மலையாள எழுத்தில், 'பாவம்' என்று ஒரு அட்டையில் கொட்டை கொட்டையாக எழுதினேன்.

"மோளே, எழுதினதை ஒண்ணு காட்டு. நான் நோக்கித் தராம்," என்றார் மாமியார்.

"வேண்டாம்மா, சர்ப்ரைஸ்!" என்றேன். (திமிருக்கு எத்தனை அழகான பெயர்கள்!)

பாவமாக நடிக்க லிஜியைப் பிடித்தேன். ஏழு வயது, முன்பல் இரண்டும் கிடையாது, எதற்கும் மறுபேச்சு பேசாத சாது. ஒத்திகையில் மற்ற பிள்ளைகள் சுருட்டிய செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள்.

"எந்தினா டீச்சரே இவளெ அடிக்குந்நது? பாவமல்லே?" என்றாள் இருப்பதிலேயே பெரியவளான ஷெரின்.

"ஆமா, பாவம்தான்! அதனாலதான் அடிக்கணும்!"

பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

விழா நாளில் முன்வரிசையில் மாமியார், பக்கத்தில் அந்தத் தங்கை. கறுப்பு அங்கி தரையில் புரள, கழுத்தில் தொங்கிய அட்டை முட்டியில் இடிக்க, லிஜி வந்து நின்றாள். சபையில் 'அய்யோ' என்று ஒரு முனகல் எழுந்தது. என் எழுத்தின் வல்லமை என்று பூரித்தேன். ஆனால் யாரும் அவளை அடிக்கவில்லை. 'பொறுமை' வேஷம் போட்ட ஷெரின் அழத் தொடங்கினாள். ஒருத்தி தன் மிட்டாயை லிஜிக்கு நீட்டினாள். அன்பு என்கிற நற்குணம் போய்ப் பாவத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

எனக்கு வந்ததே கோபம்! மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, காகிதச் சுருளோடு மேடையில் ஏறினேன். லிஜி ஓடினாள். துரத்தினேன். துரத்திக்கொண்டே, நான் அறிந்த மிக உயர்ந்த மலையாளத்தில் முழங்கினேன்.

"பாவங்களெ எனிக்கு வெறுப்பாணு! பாவங்களுக்கு ஈ பள்ளியில் ஸ்தலமில்லா!"

(பள்ளி என்றால் அங்கே தேவாலயம்.) லிஜியின் முதுகில் இரண்டு அடியும் விழுந்தது. லிஜியின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

அதற்குள் மாமியார் முழங்காலைப் பிடித்தபடி படியேறி வந்து, முதலில் லிஜியைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். பிறகு என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"ஆரும் ஒண்ணும் விசாரிக்கருது. என்றெ மருமோள் உத்தேசிச்சது பாபம். தமிழில் பாபத்துக்குப் பாவம் என்னா பறயுந்நது." (விசாரிக்கருது என்றால், தப்பாக நினைக்கக் கூடாது.)

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னுடைய கறுப்பு ஆசாமிக்கு மலையாளத்தில் பெயர் பாபம். பாவம் என்றால் ஏழை, சாது, வாயில்லாப் பூச்சி. நம்மூரில் 'ஐயோ பாவம்' என்கிறோமே, அந்தப் பாவம் மட்டும்தான். ஏழை எளியவர்களைக் கண்டாலே எனக்கு வெறுப்பு, அவர்களுக்கு இந்தத் தேவாலயத்தில் இடமில்லை என்று, ஒரு குழந்தையை அடித்துக்கொண்டே மைக்கில் அறிவித்திருக்கிறேன்.

சபை சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. லிஜியின் அப்பாவே உட்கார்ந்து சிரித்தார். மாமியாரின் தங்கைக்குச் சிரிப்பில் புரையேறியது. அவமானத்தைக்கூட விழுங்கியிருப்பேன். யாரை ஜெயிக்க வேண்டும் என்று இறங்கினேனோ அவரே என்னைக் காப்பாற்றியதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது. அடுத்த ஞாயிறு மூட்டுவலியோடு அவரே வகுப்புக்குத் திரும்பினார். நான் பெஞ்சு துடைத்தேன்.

பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்று என் மலையாளத்தில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் மாமியார் என் தோளில் கைவைத்து, "இது என்றெ மருமோள். பாவமாணு," என்பார். வந்தவர்கள் என்னைக் கனிவோடு பார்ப்பார்கள். சஜி சிரிப்பை அடக்கமுடியாமல் எழுந்து போய்விடுவார்.

மாமியார் அதை எந்த மொழியில் சொல்கிறார் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.