வடக்கு அறை

எங்கள் வீட்டில் ஆறு அறைகள். ஒன்றில் நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். வடக்கு அறையில் மச்சினன் இருக்கிறான். "நாலு நாள் இருந்துட்டுப் போறேன் அத்தான்" என்று வந்தவன். பதினோரு மாதம் ஆகிறது. அவனைக் கிளப்புவது என்று தீர்மானித்தேன்.

வழி தானாகவே வந்தது. வீட்டுக்கு வயது நூற்றைம்பது. புராதனக் கட்டடம் என்று அரசாங்கம் வாசலில் பலகை மாட்டியிருக்கிறது. நாங்கள் ஒரு ஆணி அடிக்க அனுமதி வாங்க வேண்டும். பலகையை அவர்கள் எட்டு ஆணி அடித்து மாட்டினார்கள். வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லர் எரித்த எண்ணெயில் பாதிக்குத் தெருதான் குளிர்காய்ந்தது. அதை எடுத்துவிட்டு, குளிர்காலத்தில் சூடும் கோடையில் குளிர்ச்சியும் தரும் சிக்கன மெஷின் வைக்க ஒருவழியாக அனுமதி கிடைத்தது. பார்க்க வந்த இன்ஜினியர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"பழைய கட்டடம்கிறதால சின்ன மெஷின்தான் வைக்க விடுவாங்க சார். அஞ்சு ரூமுக்குத்தான் தாங்கும். ஒரு வாரம் அளந்து பார்ப்போம். எந்த ரூம்ல சூடு ரொம்ப வீணாகுதோ, அதை விட்டுடலாம்."

அறைக்கொரு அளவுப் பெட்டி வைத்துவிட்டுப் போனார். தினமும் மச்சினன் ஆபீஸ் போனதும் அவன் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தேன். அவன் வருவதற்குள் மூடினேன். மூன்றாம் நாள் அவன் தும்மினான். மனைவி என்னிடம் வந்தாள்.

"ஏங்க, தம்பி ரூம் மட்டும் ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

"நூத்தம்பது வருஷத்துச் சுவர்."

"மத்த சுவரெல்லாம் போன வருஷமா கட்டினாங்க?"

"வடக்குப் பக்கம்ல. காத்து அதிகம்."

"அப்ப அந்த ரூமைத்தான் விட்டுடுவாங்களா?"

"பெட்டி சொல்றதுதான். நம்ம கையில என்ன இருக்கு?"

"அதுவும் சரிதான்" என்றாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வடக்கு அறைதான் என்று முடிவாயிற்று. முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். குழாய்கள் பழைய புகைபோக்கி வழியாக ஐந்து அறைகளுக்கும் போயின. சுவரில் ஒரு கீறல் இல்லை. வேலை முடிந்த அன்று சந்தோஷமாக என் அறைக்குப் போனேன். அங்கே மச்சினன் கட்டில் கிடந்தது. அதன்மேல் மச்சினன் கிடந்தான்.

"என் மேஜை எங்கே?" என்று மனைவியைக் கேட்டேன்.

"வடக்கு ரூம்ல. தம்பிக்குச் சளி பிடிச்சிருச்சு. நீங்கதான் அந்த ரூமுக்குத் தினம் ரெண்டு தடவை போயிட்டு வந்தீங்களே, பிடிச்சுப்போச்சு போலன்னு நெனச்சேன்."



"அங்க உட்கார்ந்தா விறைச்சுப் போயிடுவேன். திரும்ப அளக்கச் சொல்லலாம்."

"தாராளமா. போன தடவை ஏன் அப்படி வந்துச்சுன்னு இன்ஜினியர் கேட்டா, நீங்களே பதில் சொல்லிடுங்க."

நான் கோட்டை மாட்டிக்கொண்டு வடக்கு அறையில் போய் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் மச்சினன் எட்டிப் பார்த்தான்.

"அத்தான், கதவைக் கொஞ்சம் சாத்திக்குங்களேன். உங்க ரூம் குளிரெல்லாம் என் ரூமுக்கு வருது."