சும்மா மாஸ்டரும் பிந்துகிற மூன்றாவது அடியும்

தேயிலைத் தோட்டத்தை விட்டு ஒரு மைல் நடந்திருப்போம். கொம்பியூட்டரின் மொனிட்டர் என் தலையில். பெட்டி, கொழுந்துச் சாக்கில் கட்டி, சும்மா மாஸ்டரின் முதுகில். தோட்டங்களிலிருந்து ஆட்களைப் பல காரணங்களுக்காக விரட்டியிருக்கிறார்கள். தாளத்தைச் சரியாகப் போட்டதற்காக விரட்டப்பட்டவர், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

"மெதுவா தம்பி. அதுலதான் அப்பா இருக்காரு."

"அப்பா பொட்டியிலன்னுதானே சொன்னீங்க?"

"இருக்கிறது இதுல. தெரியிறது அதுல."

கித்துல்கலையில் வெள்ளைக்காரர்களின் ரப்பர் படகுகளைத் தலையில் சுமக்கும் வேலையை விட்டுவிட்டு, போக இடமில்லாமல்தான் அவரிடம் வந்து சேர்ந்தேன். படித்தது ஏழாம் வகுப்பு. தலை மட்டும் சுமைக்குப் பழகியிருந்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், தன் அறையில் படுக்க இடம் கொடுத்து, அவர் சொன்ன முதல் வார்த்தை: "இது சும்மா கெடைக்கிது தம்பி, சும்மா!"

அவர் சொன்னது ஒரு சாஃப்ட்வேரை. எந்தப் பாட்டையும் தாளத்தையும் கோடு கோடாக எழுதி, எண்ணி, ஆராய்ந்து சொல்லும். காசு இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து திருத்தலாம். தங்கள் ஊர்த் தாளத்தையும் சேர்க்கச் சொல்லி அனுப்பலாம். பார்க்கிற ஆளிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. கோயில் திருவிழாவில் சாமியிடம்கூடச் சொல்லியிருப்பார்.

அவருடைய அப்பா தப்புப் பறை அடிப்பவர். காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்குக் கூப்பிட ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. சாவு அடி கேட்டால் மலையில் நிற்பவர்கள் கூடையோடு இறங்கிவிட வேண்டும். யார் செத்தது என்று கீழே வந்துதான் கேட்பார்கள். அப்பாவுக்கு நெஞ்சில் சளி. டவுன் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அவர் கண்ணை மூடுவதற்குள் அந்தச் சாவு அடியைச் சாஃப்ட்வேரில் ஏற்றி, அவர் காதாலேயே கேட்க வைக்க வேண்டும். மாஸ்டருக்கு வேறு ஆசையே இல்லை.

"நான் ஸ்கூல்ல படிக்கிறப்ப, எங்கப்பா என்னா வேலைன்னு கேட்டா, தோட்ட வேலன்னுதான் சொல்லுவேன்," என்றார் ஒரு நாள், திரையைப் பார்த்தபடி.

கிழவர் கட்டிலில் உட்கார்ந்து அடிப்பார். நான் எண்ணுவேன். மாஸ்டர் கட்டத்தில் புள்ளி வைப்பார். சாஃப்ட்வேர் உடனே சிவப்பு காட்டும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாவது அடி கொஞ்சம் பிந்தி விழுந்தது. கட்டம் கொள்ளவில்லை.

"அப்பா, கொஞ்சம் நேரா அடிங்க."

"சாவு என்னா நேராவாடா வருது?"

மாஸ்டர் இங்கிலீஷ் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சாஃப்ட்வேருக்குள் புகுந்து, சிவப்பு காட்டும் பகுதியையே பிடுங்கி எறிந்தார். அதன்பிறகு அது யாரிடமும் பிழை காணவில்லை. விசைப்பலகையில் பூனை நடந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. கிழவரின் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பதிந்து, அந்தச் சத்தத்தையே உள்ளே வைத்தார்.

பிறகு, சின்ன ஸ்பீக்கரில் தப்பின் கனம் வரவில்லை என்று கோயில் ஒலிபெருக்கியில் மாட்டினார். காலை பத்து மணி.

முதலில் மேல் மலை இறங்கியது. பிறகு கீழ் மலை. நூறு பெண்கள் பாதிக் கூடைக் கொழுந்தோடு ஓடி வந்தார்கள். யாரென்று கேட்கவும் தேவைப்படவில்லை, படுக்கையில் கிடந்தது ஒருவர்தானே. லயத்து வாசலில் ஒப்பாரி தொடங்கிவிட்டது.

"நான் இருக்கேன்டி!" என்று உள்ளிருந்து கிழவர் கத்தினார்.

ஒப்பாரி நிற்க ஐந்து நிமிஷம் ஆனது. கணக்கப்பிள்ளை மூச்சிரைக்க வந்து, "யாருய்யா செத்தது?" என்றார்.

மாஸ்டரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. "யாரும் இல்லைங்க! மெஷின்தான்! எல்லாரும் எறங்கி வந்துட்டாங்க பாருங்க, அப்ப சரியாத்தானே அடிக்கிது?"

எல்லோருக்கும் அன்று அரைப் பேர்தான் விழுந்தது, அரை நாள் சம்பளம். வாழ்த்துச் சொன்னவர் கிழவர் மட்டும்: "மூணாவது நல்லாதான் பிந்துது."

எட்டாம் நாள் அவர் செத்துப்போனார். மற்ற தப்புக்காரர்கள் லயத்து முன்னால் நின்று, வியர்க்க வியர்க்க அடித்தார்கள். மலையில் ஒருவரும் நிமிரவில்லை. "மாஸ்டர் மெஷினப் போட்டுட்டாருடி" என்று சிரித்துக்கொண்டு கொழுந்து பறித்தார்களாம். மாஸ்டர் லயத்துக் கோடியில் நின்று மலையையே பார்த்தார்.

"எறங்கல தம்பி. ஒருத்தரும் எறங்கல."

சாயங்காலம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வெட்கம். மறுநாள் அடக்கம் முடிவதற்குள் அந்த வெட்கம் கோபமாகிவிட்டது. காரியம் முடிந்ததும் தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்து, "மாஸ்டர், நீங்க இங்க இருக்காதீங்க" என்றார். மாஸ்டர் சாக்கை எடுத்தார்.

சோதனைச் சாவடியில் பொலிஸ்காரர், "மொகத மல்லி?", என்ன தம்பி இது, என்று சாக்கைத் தட்டினார். மாஸ்டர் சுத்தமான சிங்களத்தில், சாஃப்ட்வேர் சும்மா கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்கினார். காலையில் தொடங்கியது, மத்தியானம்தான் விட்டார்கள். யாருக்கு யார் விடுதலை கொடுத்தது என்று சொல்வது கஷ்டம்.

புளத்கொகுபிட்டியவில் முஸ்லிம் நாநா ஒருவரின் கொமியூனிகேஷன் கடையில், பெட்டியை இன்டர்நெட்டில் மாட்டி, அப்பாவின் அடியைச் சாஃப்ட்வேர்காரர்களுக்கு அனுப்பினோம். திரையில் நீலக்கோடு முக்கால்வாசி நகர்ந்தது. கரண்ட் போய்விட்டது.

"போயிருக்குமா நாநா?"

"தெரியாது மகன். கரண்ட் வரட்டும்."

மாஸ்டர் கடைவாசல் படியில் உட்கார்ந்தார். "நீ போ தம்பி. நான் இருந்து பாக்குறேன்." மொனிட்டரை அவர் மடியில் வைத்துவிட்டு நடந்தேன். அதன்பிறகு அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராகச் சேர்ந்தேன். பஸ் அந்தத் தோட்டத்து ரோட்டு முடக்கில் நின்றது. புறப்படுவதற்குத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். என் கை நிற்கவில்லை. மூன்றாவதைக் கொஞ்சம் பிந்தித் தட்டினேன், பிறகு மறுபடி முதலிலிருந்து. டிரைவர் திரும்பித் திட்டினார். மலையில் ஒரு பெண் நிமிர்ந்து, கூடையை இறக்கி வைத்தாள்.