எந்தச் சாமி தள்ளியது?

நாமக்கல்,
ஞாயிறு காலை.

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

மதுமதி வணங்கி எழுதுவது. இங்கே நானும் விடுதிச் சாம்பாரும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் பெரியம்மாவும் பெரியம்மாவின் முழங்காலும் சுகம்தானே? போனில் சொன்னால் பாதியில் குறுக்கிடுவீர்கள் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் தாங்கள் எதிர்பார்த்த செய்தி. "ஆராய்ச்சி முடிந்ததும் வந்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விருத்தாசலம் வந்து, தாங்கள் பேசி வைத்திருக்கும் பள்ளிக்கூட நூலக வேலையில் சேர்ந்துவிடுகிறேன். தாளாளரிடம் சொல்லிவிடுங்கள். இத்தனை நாள் அந்தப் பெண் அங்கே என்ன செய்தாள் என்று அவர் கேட்டால் சொல்வதற்கு வசதியாகக் கீழே விவரம். நோயாளிகளின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. ஆகவே பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

எலும்பு முறிந்து இங்குள்ள மருத்துவமனைக்கு அறுவை சிகிச்சைக்காக வந்தவர்களிடம் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டுக் கணினியில் ஏற்றுவதும், அவர்கள் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற ஒன்றின் அளவைக் குறிப்பதும் என் வேலை. உடம்புக்குள் அழற்சி இருந்தால் அந்த எண் ஏறும். புண் ஆற ஆற இறங்க வேண்டும். மருத்துவ மொழியில் அதற்கு மார்க்கர் என்று பெயர். நான் வார்டில் நின்றுகொண்டு அந்தப் பெயரை அப்படியே உச்சரித்துவிட்டேன். அன்று மாலைக்குள் அது 'மார்க்கு' ஆகிவிட்டது. கோழிப்பண்ணை வைத்திருக்கும் சௌந்திரம் அக்காவுக்கு நூற்றிருபதிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது. நான் சிரித்த முகத்தோடு போய்ச் சொன்னால் அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். "நல்லாத்தானுங்க மாத்திரை தின்னேன், இப்பிடி மார்க்கு கொறஞ்சு போச்சே" என்கிறார். எதிர் வார்டில் போர் போடும் ரிக் லாரி ஓட்டுகிற செங்கோட்டையன், கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "நம்முளது நூத்தி அம்பதுங்கக்கா, கெவருமெண்டு காலேசுல சீட்டே குடுப்பாங்க" என்று மீசையை நீவுகிறார். அவருக்குப் புண்ணில் சீழ் வைத்திருந்தது. சுத்தம் செய்ய மறுபடியும் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிறபோது, "பஸ்டு மார்க்கு எடுத்தவனுக்கு இதானுங்களா பரிசு?" என்று என்னைத்தான் கேட்டார்.

அது போகட்டும். பெரிய விபத்து வேறு. காயத்தின் காரணங்களைத் தொகுத்தபோது, பைக்கிலிருந்து விழுந்தவர்களுக்கு அடுத்தபடியாக நின்றது, "சாமி தள்ளியுட்டுருச்சுங்க" என்று சொன்னவர்கள் கூட்டம். எங்கள் டாக்டர் தமிழரசு நாகர்கோவில்காரர், நான் விருத்தாசலம். எங்கள் இருவருக்கும் சாமி என்றால் கோயிலுக்குள் இருப்பவர்தான். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "மது, இதை உலகத்துல எவனும் எழுதல!" என்று சொல்லி, கோயம்புத்தூர் மாநாட்டில் படிக்கத் தலைப்பே வைத்துவிட்டார்: 'சாமியாட்டமும் எலும்பு முறிவும்'. நானும் பயபக்தியோடு தனிப் பிரிவு போட்டு அத்தனை பேரையும் அதில் சேர்த்தேன்.

போன வாரம் சௌந்திரம் அக்காவைப் பார்க்க அவருடைய நாலு வயது மகள், கையில் முறுக்கோடு வந்தாள். அக்கா கட்டிலிலிருந்தே, "இதா வந்துருச்சு பாருங்க அம்மிணி, என்னையத் தள்ளியுட்ட சாமி!" என்றார். நான் அந்தக் குழந்தையைப் பார்த்தேன், அது முறுக்கைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தது. "சாமின்னா... இவளா?" என்றேன். வார்டே சிரித்தது. ஊசி போட வந்த உஷாராணி சிஸ்டர்தான் விளக்கினார்: "எங்கூர்ல கொழந்தையும் சாமிதானுங்க, பெரியவங்களும் சாமிதானுங்க. ஏனுங்க, இத்தனை நாளா உங்களையவே 'வலிக்குதுங்க சாமி'ன்னாங்களே, காதுல உழுகலீங்களா?" விழுந்தது பெரியப்பா. வலியில் கடவுளைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி நின்றேன்!

டாக்டரிடம் சொன்னபோது அவர் முகம், சொட்டு மருந்து குடித்த பிள்ளை முகம்போல ஆகிவிட்டது. பிறகு அவரே சமாதானமாகி, "சரி, சாமி எல்லாத்தையும் குழந்தைன்னு மாத்திடு" என்றார். ஒரே சொடுக்கில் மாற்றினேன். 'வீட்டுக் குழந்தைகளும் எலும்பு முறிவும்' என்ற புதுத் தலைப்போடு நேற்று அனுப்பியும் ஆயிற்று. ஆகவே எனக்கு இங்கே இனி வேலையில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய வேலை இது என்று தெரிந்துகொள்ளும் நேரத்தில் முடிந்துபோனதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் வாக்கு வாக்குதான்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். மாடிப் பூனைக்கு என் அன்பு. தங்கள் ஆசியும் வெள்ளிக்கிழமைச் சாப்பாடும் எனக்குக் கிடைக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மதுமதி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், சாமி தள்ளிவிட்டதாகச் சொன்னவர்களில் ஒருவரான, வீடு திரும்பிவிட்ட செங்கோட்டையனை நலம் விசாரிக்கப் போனில் அழைத்தேன். பேச்சுவாக்கில், "உங்களைத் தள்ளிவிட்ட குழந்தை சௌக்கியமா?" என்று கேட்டேன். "கொழந்தைங்களா? எனக்கு இன்னுங் கண்ணாலமே ஆகலீங்களே!" என்று பதறினார். "சாமி தள்ளியதாகச் சொன்னீர்களே?" என்றேன். "ஆமாங்க. மாரியம்மன் சப்பரந் தூக்கறப்ப எம் பக்கமாச் சாஞ்சு தள்ளியுட்டுருச்சு. அது நெச சாமிங்க!"

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர், அனுப்பியதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, தள்ளியது எந்தச் சாமி என்று முதலிலிருந்து நான் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். ஆகையால் வெள்ளிக்கிழமை வருவதற்கில்லை. தாளாளரிடம், சாமி தடுத்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். எந்தச் சாமி என்று அவர் கேட்டால், நேரில் பார்க்க வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்.