வண்டியில்லா நாள்

நடப்பதன் அருமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்துதான் பேசுவார்கள். நான் ஏசி அரங்கில் நின்றுகொண்டு பேசினேன். (அந்த மட்டில் தேவலை.)

திருநெல்வேலிக்கு வெளியே ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிறேன். சேர்ந்த புதிதில், ஒரு நாளாவது வளாகத்தில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று அடம்பிடித்து 'வண்டியில்லா நாள்' கொண்டுவந்தேன். வாசலில் பேனர், அதில் கல்யாணப்பெண் பெயரைப்போலப் பெரிதாக என் பெயர். வாசலிலிருந்து அரங்கம் நல்ல தூரம். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று வழியோர வேப்பமரங்களை வெட்டியிருந்தார்கள். மாதமோ சித்திரை. இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு நேரமில்லை. பேனருக்கு எழுத்து தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

வாப்பாவை வரச் சொல்லியிருந்தேன். துபாயில் பாதி ஆயுள் லாரி ஓட்டியவர், மூட்டுவலிக்காரர். நான் மேடையில் பேசி அவர் பார்த்ததே இல்லை. மேலப்பாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார்.

நடந்தால் உடம்புக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது என்று நான் முழங்கிக்கொண்டிருந்தபோது அரங்கத்தின் பின்கதவு திறந்தது. கேன்டீனுக்குக் காய்கறி ஏற்றும் தள்ளுவண்டி உள்ளே வந்தது. இரண்டு மாணவர்கள் தள்ள, முட்டைக்கோஸ் மூட்டையில் சாய்ந்தபடி வாப்பா. வெயிலில் மயங்கி விழுந்தவர், மகள் இங்கேதான் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னாராம். நேரே என்னிடம் கொண்டுவந்துவிட்டார்கள். பெட்ரோல் இல்லாத வண்டியைச் செய்து காட்டுகிறோம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. கல்லூரி முதல்வர் எழுந்து நின்றே தட்டினார். வாப்பாவும் மரியாதைக்கு நெற்றியை நோக்கிக் கையைத் தூக்கினார், பாதியிலேயே கை விழுந்துவிட்டது.

மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"நல்லாப் பேசுத," என்றார் வாப்பா. "முடிச்சிட்டு வா, போ."

ஆஸ்பத்திரிக்கு முதல்வரின் காரில் போனோம். (அது மட்டும் எப்படி உள்ளே நின்றது என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.) விழுந்ததில் முட்டி பெயர்ந்திருந்தது. அதன் பிறகு அவர் கம்பில்லாமல் நடக்கவில்லை.

ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை அவர்தான் சொல்லுவார். "எம்மவ நடக்கதப் பத்திப் பேசுனா, நான் வண்டில போய்க் கேட்டேன்," என்று ஆரம்பிப்பார். ஆட்டோக்காரன் சோம்பேறித்தனப்பட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான் என்று அவனை நன்றாகத் திட்டுவார்.

போன வருஷம் வாப்பா மவுத்தானார். துக்கம் கேட்க வந்தவர்களில் எங்கள் கல்லூரி வாட்ச்மேனும் ஒருவர். எல்லோரும் எழுந்துபோன பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஆட்டோவ நான் உள்ள விடுதேன்னுதான் சொன்னேன் மேடம். ஒங்க வாப்பாதான் வேண்டாம்னுட்டாவ. பேனரக் காட்டி, 'எம்மவ பேரு போட்டுருக்குல்லா, நானே வண்டில போனா அவளுக்கு நல்லாருக்காது'ன்னு சொல்லிட்டு, பைய நடந்து போனாவ."

இப்போது அந்தக் கதையைத் தம்பி சொல்கிறான், வாப்பாவின் குரலிலேயே. உம்மாகூடச் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். ஆட்டோக்காரனைத் திட்டும் இடம் நெருங்கும்போது மட்டும், வந்தவர்களுக்கு டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விடுகிறேன்.