எண்பத்தெட்டு சதவீதம் எங்கே?

உள்ளே போன பொருள் போன நிலையிலேயே வெளியே வர வேண்டும் என்பது சிங்க்ரோட்ரான் நிலையத்தின் ஏழாம் விதி. நியாயமான விதிதான். பேட்டரி ஆய்வாளருக்கு அது வாசலில் வைத்துத்தான் தெரிந்தது.

அவள் செய்த பேட்டரி நூறாவது சார்ஜில் உயிரை விட்டுவிடும். ஏன் என்று நாலு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். அது வேலை செய்யும்போதே எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்த்தால் தெரிந்துவிடும். பேருந்து நிலையம் அளவு வளையத்தில் எலக்ட்ரான்களை ஓடவிட்டு எடுக்கும் அந்தக் கதிருக்காக இரண்டு வருடம் காத்துக் கிடந்து, எட்டு மணி நேரம் வாங்கியிருந்தாள்.

வாசல் அதிகாரி பொத்தான் அளவு பேட்டரியை மீட்டரில் வைத்துப் பார்த்தார். "நூறு சதவீதம் சார்ஜ். வெளியே வரும்போது எவ்வளவு இருக்கும்?"

"பன்னிரண்டு இருக்கும் சார்."

"மீதி எண்பத்தெட்டு?"

"செலவாகிடும். அதைப் பார்க்கத்தானே சார் வந்திருக்கேன்."

"செலவாகிடும்னு சாதாரணமா சொல்றீங்களேம்மா! நாளைக்கு மேலிடத்துல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"சரி, திரும்ப சார்ஜ் போட்டு நூறாக்கிக் கொண்டுவர்றேன்."

அதிகாரி பதறிவிட்டார். "அது எங்க கரண்ட்! வளாகத்து மின்சாரத்தை அடைச்சு எடுத்துட்டுப் போக நானே கதவைத் திறந்துவிடணுமா?"

இப்படியே எட்டு மணி நேரம் ஏழரை ஆனது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதிகாரியும் கல்நெஞ்சர் இல்லை. "ஆராய்ச்சி தாராளமா பண்ணுங்கம்மா, யார் வேண்டாம்னா? பேட்டரியை மட்டும் பயன்படுத்தாதீங்க."

பயன்படுத்த மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டாள். சும்மா கிடந்த பேட்டரி மேல் ஏழரை மணி நேரம் கதிர் பாய்ந்தது. பேட்டரி சும்மாவே கிடந்தது. 'யாதொரு மாற்றமும் காணப்படவில்லை' என்று அறிக்கை எழுதினாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அதைப் படித்த அவளுடைய ஆய்வக இயக்குநர் துள்ளிக் குதித்தார். அவ்வளவு கதிருக்கும் அசையாத பேட்டரி! 'மூப்பறியா மின்கலம்' என்று நாமகரணம் சூட்டி விழா எடுத்தார். மேடை மைக்கிலும் அதே பேட்டரிதான். ஒரு மாத ஒத்திகையில் அது தொண்ணூற்றொன்பது முறை சார்ஜ் ஆகியிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"இந்தப் பேட்டரி என்றென்றும்..." என்றார் இயக்குநர். மைக் செத்தது.

பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து அரங்கமே எழுந்து கைதட்டியது. அது ஏன் செத்தது என்று இப்போதாவது கேட்டுவிடலாம் என்று அவளும் எழுந்தாள். சற்றுமுன் மேடையில் அவளுக்குக் கொடுத்து, மடியில் இருந்த பதவி உயர்வு ஆணை நழுவியது. குனிந்து எடுத்துப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துவிட்டு, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.